நோட்டுல லாபம், கையில கடன்: கூத்துச் சங்கத்துக் கணக்கு யாராச்சும் சொல்லுங்க

மத்தளக்காரன், பாப்பிரெட்டிப்பட்டி

எங்களது பதிவு பண்ணின தெருக்கூத்துச் சங்கம். நான் மத்தளம் அடிக்கிறவன். வேற யாரும் ஒத்துக்காததால பொருளாளரும் நான்தான். மாசியில இருந்து ஆடி வரைக்கும் பாரதக் கூத்து. பதினெட்டாம் நாள் படுகளம் முடிஞ்சதும் ஊர்க்காரங்க குடுக்குறத வாங்கிக்கிட்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறுவோம். அப்பெல்லாம் பையில காசு இருக்கும். ஐப்பசி வந்தா ஒண்ணும் இருக்காது. பசங்க ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போயிடுறாங்க.

தை மாசமே மூணு ஊர்ல ஊருக்கு 15,000 அச்சாரம் வாங்குனோம். அதுல போன வருஷ வேன் வாடகை பாக்கியையும் அரிதாரக் கடை பாக்கியையும் அடைச்சேன். பங்குனியில ஒரு ஊர்ல முதல் மரியாதைத் தகராறு, திருவிழாவே நின்னுபோச்சு. அச்சாரத்தத் திருப்பிக் கேட்டாங்க. அர்ஜுனன் கட்டுறவரு வீட்டம்மா தோட்டை அடகு வெச்சுக் குடுத்தோம். மத்த ரெண்டு ஊரு சித்திரையிலயும் வைகாசியிலயும் இருக்கு.

மார்ச் 31-ல நோட்டைக் கூட்டுனா 22,000 மிச்சம்னு நிக்குது! எங்க தப்பு? ஓசூர் கம்பெனிங்க சிஎஸ்ஆர் நிதி, அதான் சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற காசு, நமக்குத் தருமா?

கூட்டுறவு பழைய குமாஸ்தா, கிருஷ்ணகிரி

தம்பி, அச்சாரம் வரவு இல்ல, கடன். மேடை ஏறி ஆடி முடிக்கிற வரைக்கும் அது ஊரோட காசு. தனிக் கணக்குல போட்டு வையுங்க, தொடாதீங்க. அடகுப் பணத்தையும் வரவுல எழுதியிருப்பீங்க, பாருங்க. அப்புறம் ஆவணி முதல் தை வரைக்கும் கொட்டகை வாடகை, கரன்ட், மத்தளத்துக்குத் தோல் மாத்துறதுன்னு மொத்தம் எவ்வளவு ஆகும்னு எழுதுங்க. அத சீசன் காசுல ஊருக்கு ஊரு கொஞ்சமா எடுத்து வெக்கணும். ஆடி முடிஞ்சு மிச்சம் இருந்தா வெக்கலாம்னா ஒருநாளும் வெக்க மாட்டீங்க.

தொப்பூர் கணக்கன்

சிஎஸ்ஆருக்கு வழி இருக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில பாரம்பரியக் கலையும் வருது. ஆனா சங்கத்து வருமானத்துக்கு வரி விலக்கு தர்ற 12ஏ, நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரி விலக்கு தர்ற 80ஜின்னு சொல்ற பதிவுங்க, சிஎஸ்ஆர் பணம் வாங்கறதுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூணு வருஷம் வேலை செஞ்ச சான்று எல்லாம் கேப்பாங்க. கிரீடம், தோள்ல கட்டுற புஜக்கட்டை செய்யக் குடுப்பாங்க, ஆடிட்டர் சம்பளத்துக்குக் குடுக்க முகம் சுளிப்பாங்க. அதனால பயிற்சித் திட்டம்னு எழுதும்போதே கொட்டகை வாடகை, கணக்கு எழுதுற செலவுல அதுக்கு உண்டான பங்கையும் சேத்துடுங்க. அப்புறம் சேர்த்தா கெஞ்சற மாதிரி ஆயிடும். நன்கொடை குடுக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுங்க: 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா 80ஜி விலக்கு கிடையாது.

கட்டியங்காரன்

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உங்க ஆளுங்க எல்லாரும் உறுப்பினரா? அந்த உதவி ஆளுக்குத்தான் வரும், சங்கத்துக்கு வராது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கலையக் கத்துக்குடுக்குறவருக்கும் கத்துக்குறவங்களுக்கும் மத்திய கலாசார அமைச்சகம் தர்ற குரு-சிஷ்ய நிதிக்கும் எழுதிப் போடலாம். ஆனா அத நம்பி மளிகைக் கடையில கடன் சொல்லாதீங்க. எங்க குழு அப்படித்தான் மாட்டுச்சு, வந்த பணம் வட்டிக்கே சரியாப்போச்சு.

மத்தளக்காரன், பாப்பிரெட்டிப்பட்டி

பெரியவர் சொன்னது சரி. அடகுப் பணம் வரவுலதான் இருந்துச்சு. அந்த 15,000, ஆடாத ரெண்டு ஊரு அச்சாரம் 30,000, ரெண்டையும் எடுத்தா 23,000 பள்ளம். நேத்து ராத்திரி கொட்டகையில படிச்சுக் காட்டினேன். எங்க குழுவுல முகவீணை ஊதுறவரு, "இதுக்குப் பழைய நோட்டே நல்லாயிருந்துச்சே"ன்னாரு.

தோடு இன்னும் கடையிலதான் இருக்கு. அதுக்குக் கட்டுற வட்டியச் சங்கச் செலவுல எழுதலாமா, எந்தத் தலைப்புல எழுதணும்?