கொடைக்கானல் ஏற்றத்தில் ஸ்கூட்டர் திணறுகிறது: ரோலர் எடைதான் காரணமா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
வணக்கம். என்னுடையது 2021 மாடல், 110 சிசி, கியர் இல்லாத ஸ்கூட்டர். போன வருடம் சர்வீஸில் மைலேஜ் கிடைக்கும் என்று வேரியேட்டரில் (கியரைத் தானாக மாற்றும் பகுதி) கனமான ரோலர் மாட்டினார்கள். நம்ம பக்கம் ரோடெல்லாம் சமதளம், ஒரு குறையும் தெரியவில்லை. போன வாரம் மனைவியோடு கொடைக்கானல் போனேன். காட்ரோடு தாண்டி மலை ஏறியதும் முழுக்க முறுக்கினாலும் 20-ஐத் தாண்டவில்லை. இன்ஜின் சத்தம் மேலே ஏறாமல் அடித்தொண்டையில் உறுமியது. வழியில் ஊத்து என்ற ஊர் பக்கம் நிறுத்தினால் ரப்பர் கருகிய வாடை. மனைவியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன், மனசே கேட்கவில்லை. மாமனார் வீடு அங்கேதான், அடிக்கடி போகணும். என்ன செய்யலாம்?

கும்பகோணம், மெக்கானிக்:
தம்பி, ரோலர்தான். இன்ஜின் சுற்றும்போது ரோலர் வெளிப்பக்கம் ஓடி புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறி, கியர் கூடிய மாதிரி ஆகும். கனமான ரோலர் குறைந்த சுற்றிலேயே நெருக்கிவிடும். அதாவது டாப் கியரில் மேடு ஏறுகிற மாதிரி. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தி குறையும். கொடை 2,100 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு போச்சு. கம்பெனி எடைக்கே திரும்புங்கள். ஆறு ரோலரையும் பத்தர் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பெல்ட் ஓரம் கண்ணாடி மாதிரி மின்னினால் அதையும் மாற்றணும். புல்லி முகத்தில் கிரீஸ் படவே கூடாது.

மன்னார்குடிக்காரன், இப்போது கனடாவில்:
அண்ணே சொன்னது சரி. இங்கே பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலிலும் இதே கதைதான். ரோலருக்குப் பதில் கிளட்ச்சில் எடை வைத்த கைகள் இருக்கும். ஏரி மட்டத்தில் ஓட்டிய வண்டியை மலைக்குக் கொண்டுபோனால் எடையைக் குறைப்போம். முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரவேண்டிய இன்ஜின் 7,600-ல் நின்றால் எடை கூடுதல், 8,400 போனால் குறைவு. உங்கள் வண்டியில் சுற்று காட்டும் மீட்டர் இருக்காது, காதால்தான் கணிக்கணும்.

திருத்துறைப்பூண்டி:
இன்னும் லேசாகப் போட்டால் மலையில் நன்றாக ஏறுமா?

கும்பகோணம்:
ஏறும். ஆனால் வருடம் முழுக்க நீங்கள் ஓட்டுவது சமதளத்தில். சும்மா இன்ஜின் கத்தும், பெட்ரோலும் குடிக்கும். கம்பெனி எடையில் போய்ப் பாருங்கள். போதாவிட்டால் மூன்றை மட்டும் 1 கிராம் குறைத்து, ஒன்று விட்டு ஒன்றாக வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி:
பிரித்தாயிற்று. மாட்டியிருந்த ரோலர் ஒவ்வொன்றும் 2 கிராம் கூடுதல். இரண்டில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, உருட்டினால் டக்கென்று நிற்கிறது. பெல்ட்டும் மின்னுகிறது. எல்லாம் புதுசு, கம்பெனி எடை. நம்ம ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? ரயில்வே மேம்பாலத்தில் மச்சானைப் பின்னால் வைத்து ஏற்றிப் பார்த்தேன். சத்தம் சட்டென்று ஏறுகிறது, வேகம் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். ஊத்தில் நிறுத்தி, வாடை வருகிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.