என்எம்டிஏ ஏற்பி: ஒரே வாயில், இரு எதிர் விளைவுகளா?

கேள்வி:
நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் நரம்பிணைப்பு (இரு நரம்பணுக்கள் செய்தி பரிமாறும் இடம்) வலுப்பெறுவதற்கும் வலுவிழப்பதற்கும் என்எம்டிஏ ஏற்பி என்னும் சவ்வுப் புரதமே வாயில் என்று பாடநூலில் படித்தேன். இரண்டின்போதும் அதன் வழியே நுழைவது கால்சியமே என்றால், கூட்டுவதா குறைப்பதா என்பதை இணைப்பு எவ்வாறு தீர்மானிக்கிறது? அதே இணைப்பிலுள்ள மற்றொரு வகையான ஆம்பா ஏற்பிக்கு இதில் என்ன பங்கு?

மறுமொழி 1:
முதலில் வாயில் திறக்கும் முறையைப் பார்ப்போம். ஓய்வு நிலையில் என்எம்டிஏ ஏற்பியின் துளையை மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். எனவே நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து பிணைந்தாலும், ஆம்பா ஏற்பிகள் வழியே புகும் சோடியம் சவ்வின் மின்னழுத்தத்தைப் போதிய அளவு மாற்றினால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் நுழையும். செய்தியை அனுப்பும் நரம்பணுவும் (முன்னணு) அதைப் பெறும் நரம்பணுவும் (பின்னணு) ஒருசேர இயங்கியதை உணரும் அமைப்பு இது. இவ்வாறு சேர்ந்து இயங்குவதால் இணைப்பு வலுப்பெறும் என்று 1949-இல் உளவியலாளர் டொனால்டு ஹெப் முன்வைத்த கருத்துக்கு இது மூலக்கூறு அளவில் பொருந்துகிறது.

மறுமொழி 2:
உங்கள் ஐயத்தின் மையம் கால்சியத்தின் அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. நொடிக்கு 100 துடிப்புகள் போன்ற அடர்ந்த தூண்டல், கால்சியத்தைச் சட்டென்று மிகுதியாக உயர்த்துகிறது. அது சிஏஎம்கே-2 என்னும் நொதியை முடுக்க, கூடுதல் ஆம்பா ஏற்பிகள் இணைப்பில் வந்து அமர்கின்றன. நொடிக்கு ஒரு துடிப்பாகப் பல நிமிடங்கள் தூண்டினால், கால்சியம் மிதமாக, ஆனால் நீண்ட நேரம் உயர்ந்திருக்கும். குறைந்த செறிவிலேயே விழித்துக்கொள்ளும் கால்சினியூரின் என்னும் மற்றொரு நொதி அப்போது மேலோங்கி, ஆம்பா ஏற்பிகள் நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. பாடநூல்கள் இதைத் துல்லியமான எல்லைக்கோடு போலக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கால்சியம் எந்த இடத்தில் உயர்கிறது, அந்த இணைப்பு முன்பு எவ்வாறு இயங்கியது என்பவையும் விளைவை மாற்றும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்தால் பழைய நினைவும் அழிந்துவிடுமா?

மறுமொழி 2:
பொதுவாக அழிவதில்லை. நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்டு மோரிசும் அவருடைய குழுவினரும் 1986-இல் ஏபி5 என்னும் என்எம்டிஏ தடுப்பியை எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது, நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்பது பாதிக்கப்பட்டது. ஆனால் முன்பே கற்ற இடத்தை நினைவுகூர்வதை அத்தடுப்பி பெரிதும் பாதிக்கவில்லை என்று அவர் பின்னர் காட்டினார். மாற்றத்தைத் தொடங்கி வைப்பது என்எம்டிஏ. வலுப்பெற்ற இணைப்பில் அன்றாடச் செய்தியைக் கடத்துவது பெரும்பாலும் ஆம்பா.

மறுமொழி 3:
ஒரு திருத்தம் மட்டும்: எல்லா நரம்பிணைப்புகளுக்கும் இவ்விதி பொருந்தாது. ஹிப்போகேம்பஸிலேயே பாசியிழைகள் என்னும் நரம்பிழைகள் சிஏ3 என்னும் உட்பகுதியின் நரம்பணுக்களுடன் இணையும் இடத்தில் நீடித்த வலுவூட்டல் பெரும்பாலும் என்எம்டிஏ ஏற்பியின்றியே நிகழ்கிறது. அங்கு முன்னணு வெளியிடும் குளூட்டமேட்டின் அளவே கூடுகிறது.