லூஸ் மோஷனுக்கு ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல்: மெடிக்கலில் கேட்டு வாங்கினால் என்ன தப்பு?

கடைக்குட்டி:
போன வாரம் கல்யாணச் சாப்பாடு வயிற்றைப் புரட்டிவிட்டது. மெடிக்கலில் சொன்னதும் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையில் நாலு வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு போட்டேன், நின்றுவிட்டது. மீதி இரண்டு பர்சில் இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை மிட்டாய் மாதிரி தின்கிறாய் என்று தங்கை திட்டுகிறாள். டாக்டரிடம் போனாலும் இதைத்தானே எழுதப் போகிறார்?

மாத்திரைக்காரர்:
நான் மருந்துக்கடையில் நிற்பவன். தம்பி, இந்த மாதிரி வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். வைரஸால் வந்தது என்றால் அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. ஓ.ஆர்.எஸ். குடித்திருந்தால் போதும்.

கடைக்குட்டி:
தானாகத்தான் நின்றது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மாத்திரை போட்டேன், நின்றது. அவ்வளவுதான்.

நுண்ணோக்கி:
சேவல் கூவியது, விடிந்தது, அந்தக் கணக்குதான்.

மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறுக்கின கயிறு. நகலெடுக்க அதைப் பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறும். ஜைரேஸ் என்ற நொதி இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். ஓஃப்ளாக்சசின் வெட்டிய நிலையிலேயே அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. ஒட்டுவதற்கு ஆள் இல்லை. இழை துண்டாகிறது, கிருமி சாகிறது. நம் செல்லில் இருக்கும் அதே வகை நொதியின் அமைப்பு வேறு, அதனால் நாம் தப்பிக்கிறோம்.

ஆர்னிடசோல் வேறு ரகம். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிக்குள்ளும் அமீபாவுக்குள்ளும் போன பிறகுதான் அது வீரியம் பெற்று டி.என்.ஏ.வைச் சிதைக்கும். சிக்கல் என்னவென்றால், நம் பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளில் பெரும்பகுதி ஆக்சிஜன் வேண்டாத வகைதான்.

மேற்குமலை:
எங்கள் ஊரிலிருந்து டாக்டரிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும். அப்பாவுக்குச் சீதபேதி, ரத்தமாகப் போனது. இதே மாத்திரைதான் காப்பாற்றியது. ஜைரேஸ் பாடம் எங்களுக்கு எதற்கு?

நுண்ணோக்கி:
ரத்தமாகப் போனால் கதையே வேறு அண்ணே, அதற்கு மருந்து வேண்டியதுதான். ஆனால் அது பாக்டீரியாவா அமீபாவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்து அடிக்கிறோம்.

பாடம் எதற்கு என்றால், ஜைரேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம், அதாவது நொதியைக் கட்டியிருக்கும் ஒரு கண்ணி, மாறினாலே இந்த மருந்தின் பிடி தளர்கிறது. மாத்திரையைப் போடப் போட அப்படி மாறிய கிருமிகள்தான் மிஞ்சும். ஒரு காலத்தில் டைபாய்டு என்றால் சிப்ரோஃப்ளாக்சசின்தான், இதே குடும்பத்து மருந்து. இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் அது சரியாக எடுபடுவதில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்குப் போகிறோம்.

மாத்திரைக்காரர்:
இன்னொன்று. இந்தக் குடும்பம் தசைநாணை, முக்கியமாகக் குதிகாலில் இருப்பதை, அறுத்துவிடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

கடைக்குட்டி:
இவ்வளவு பேசுகிறீர்களே சார், உங்கள் கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்ததே இல்லையா?

மாத்திரைக்காரர்:
கொடுத்திருக்கிறேன். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, சீட்டு வேண்டும் என்று அர்த்தம். நான் இல்லை என்றால் எதிர்க்கடையில் வாங்குவார்கள், முதலாளி என்னை முறைப்பார். சரி என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

மேற்குமலை:
அப்படி வாருங்கள். முதலில் எங்கள் பக்கம் ஒரு டாக்டரைப் போடச் சொல்லுங்கள், அப்புறம் கோட்டைக் காட்டலாம். தம்பி, அந்த இரண்டை வீசாதீர்கள், ஆத்திர அவசரத்துக்கு உதவும்.

மாத்திரைக்காரர்:
வெட்டின அட்டைதானே? காலாவதித் தேதி அதில் இருக்கிறதா பாருங்கள்.

கடைக்குட்டி:
இல்லை. மருந்தின் பெயரே பாதிதான் இருக்கிறது.