அப்பா குரல் இருக்கும் கேசட்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

அலமாரியைக் காலி செய்யும்போது 90 நிமிட கேசட் ஒன்று கிடைத்தது. என்னைப் பேச வைக்க அப்பா கெஞ்சுவார், நான் மைக்கில் மூச்சு மட்டும் விடுவேன், நடுவே கதவு கிறீச்சிடும். கடைசியாகக் கேட்டது பள்ளி நாட்களில். (இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்தக் கதவுச் சத்தத்தை எடுத்துவிட வேண்டாம், அதுவும் எனக்கு வேண்டும்.) படங்கள் எல்லாம் ஃபோன் மாற்றி ஃபோன் மாற்றியே தொலைந்துபோயின. மிச்சம் இது ஒன்றுதான்.

பிரச்சினை என்னவென்றால், டேப்பை ஹெட்டோடு (பிளேயரில் ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. பென்சில் விட்டுச் சுற்றினால் சுற்றுகிறது, ஆனால் இறுக்கம். 60 நிமிட டேப்பைவிட இது மெல்லியது, அதனால் பிளேயரில் போடவே பயம். சுருளை எடுத்து, திருகு போட்ட வேறு கேசட் கூட்டில் மாற்றலாம் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா? இந்தக் கூட்டில் திருகே இல்லை, ஒட்டியிருக்கிறது. டேப்பைக் கீறாமல் எப்படிப் பிளப்பது? அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, என் கை வேறு நடுங்கும்.

அப்புறம், கணினியில் ஏற்ற 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு போதும்தானே?