கமிஷன் லிங்கில் 2,140 கிளிக், 9 ஆர்டர்: கோளாறு எங்கே?

செக்காளி_காங்கேயம்

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் வாகை மரச்செக்கு வைத்திருக்கிறோம். கடலை, எள், தேங்காய் என மூன்று எண்ணெய். சொந்த வெப்சைட் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அஃபிலியேட் (மற்றவர்கள் எங்கள் லிங்கைப் போட்டு ஆள் அனுப்பும் முறை) ஆரம்பித்தேன். லிங்க் வழியாக வரும் ஆர்டருக்கு 8 சதவீதம் கமிஷன், குக்கி (யார் லிங்கில் வந்தார் என்று பிரவுசரில் பதியும் குறிப்பு) 30 நாள். இதுவரை கணக்கு இப்படி:

சமையல் சேனல் நடத்தும் ஒரு அக்கா: 1,310 கிளிக், 2 ஆர்டர்.
டெலிகிராம் ஆஃபர் குரூப்: 640 கிளிக், ஆர்டர் இல்லை.
கூப்பன் சைட்: 190 கிளிக், 7 ஆர்டர்.

கூகுளில் எங்கள் பெயரைத் தேடி வருகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேராவது வாங்குகிறார்கள். கூப்பன்காரரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்திவிடலாமா?

குமாஸ்தா

நிறுத்துங்கள். 640 கிளிக்கில் ஒன்றுகூட விற்கவில்லை என்றால், 3ஐ 640ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்காதபோது உச்ச வரம்பைக் கணிக்கப் புள்ளியியலில் சொல்லும் குறுக்கு வழி அது. உண்மையான விகிதம் அரை சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பு குறைவு. அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் 99 ரூபாய் இயர்போனுக்குக் காத்திருப்பவர்கள், செக்கெண்ணெய்க்கு அல்ல. சமையல் சேனலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான். வாங்குகிற எண்ணத்தோடு வருகிறவர் கூப்பன் சைட்டிலிருந்துதான் வருகிறார். எண்ணே சொல்கிறதே.

மதுரைக்காரி

டெலிகிராம் விஷயத்தில் குமாஸ்தா சார் சொல்வது சரி. மற்றது அப்படியே தலைகீழ். நான் நான்கு வருடமாகச் சமையல் வீடியோ போட்டு லிங்க் கொடுக்கிறவள், அதனால் சொல்கிறேன்.

அண்ணா, உங்கள் சைட்டில் பணம் கட்டும் இடத்தில் ‘கூப்பன் கோடு இருந்தால் இங்கே இடவும்’ என்று ஒரு பெட்டி இருக்கிறதா? இருந்தால் நடப்பது இதுதான். ஒருவர் எண்ணெயைக் கூடையில் போட்டுவிட்டார், விலாசமும் கொடுத்துவிட்டார். பெட்டியைப் பார்த்ததும், ‘அடடா, யாருக்கோ தள்ளுபடி கிடைக்கிறதே’ என்று இன்னொரு டேபில் உங்கள் கடைப் பெயரையும் கூப்பனையும் சேர்த்துத் தேடுகிறார். கூப்பன் சைட்டில் ‘கோடைக் காட்டு’ என்பதை அழுத்தியதுமே அவர்களுடைய லிங்க் திறந்து குக்கி மாறிவிடும். திரும்பி வந்து பணம் கட்டுகிறார். கடைசி கிளிக்குக்குத்தானே கமிஷன்? ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவருக்கு நீங்கள் தள்ளுபடியும் கொடுத்து, 8 சதவீதமும் கொடுக்கிறீர்கள். அந்த ஏழு பேரில் சிலர் அக்காவின் வீடியோ பார்த்து வந்தவர்களாகவே இருக்கலாம்.

குமாஸ்தா

‘இருக்கலாம்’ என்பதெல்லாம் கணக்கில் வராது அம்மா. 1,310 பேர் வந்து 2 பேர் வாங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் சரியில்லை. அல்லது பொய் கிளிக். இரவு இரண்டு மணிக்கு வரிசையாக வந்து ஒரு நொடியில் வெளியேறும் கிளிக்குகள் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கமிஷனையும் ஆர்டருக்குக் கொடுக்காமல், டெலிவரி ஆனதற்கு மட்டும் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது இது. எங்கள் கடையில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் குவிந்தது, பாதி பார்சல் திரும்பி வந்தது.

மதுரைக்காரி

டெலிவரிக்குக் கமிஷன் நியாயம்தான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆளைக் குறை சொல்லும் முன் கடையைப் பார்க்க வேண்டாமா? அண்ணா, அந்த அக்காவின் லிங்க் எங்கே போய்த் திறக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

செக்காளி_காங்கேயம்

கூப்பன் பெட்டி இருக்கிறது. சைட் போட்டுக் கொடுத்த பையன் வைத்தது, நான் கவனித்ததே இல்லை.

பொய் கிளிக் பார்த்தேன், அப்படி எதுவும் தெரியவில்லை. பெரும்பாலும் மாலை ஏழிலிருந்து பத்துக்குள், போனிலிருந்து.

நேற்று தங்கையின் போனை வாங்கி, வாடிக்கையாளர் மாதிரியே வாங்கிப் பார்த்தேன். அக்கா கடலை எண்ணெயில் முறுக்கு சுடுகிறார், கீழே இன்ஸ்டாவில் லிங்க். அழுத்தினால் எங்கள் முகப்புப் பக்கம் வருகிறது. மேலே செக்கு சுற்றுகிற படம், அடுத்து அப்பாவின் படம், அதற்குக் கீழே எங்கள் கதை. கடலை எண்ணெயைக் கண்டுபிடிக்க நான்கு தடவை விரலால் தள்ள வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்! பிறகு பெயர், போன், விலாசம், பின்கோடு எல்லாம் கொடுத்த பிறகுதான் ‘டெலிவரி 140 ரூபாய்’ என்று காட்டுகிறது. ஒரு லிட்டருக்கு. சரி என்று யூபிஐ அழுத்தினேன். ஆப் திறந்தது, பணம் கட்டாமல் திரும்பி வந்தேன். கூடை காலி. இன்ஸ்டாவுக்குள்ளேயே திறக்கும் பிரவுசர் அது, பக்கம் புதிதாக ஏறிவிட்டது.

தங்கை சிரித்தாள். ‘நானாக இருந்தால் உன் அப்பா படத்தோடேயே மூடியிருப்பேன்’ என்றாள். அவளுக்கும் அப்பாதான்.

கூரியர்_கணக்கு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 140 ரூபாயைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். பெட்டி என்ன அளவு?

செக்காளி_காங்கேயம்

30, 20, 20 செ.மீ. மூன்று பாட்டில் போகிற பெட்டிதான். ஒன்று போகும்போது சுற்றிலும் பேப்பர் திணிப்போம்.

கூரியர்_கணக்கு

அதுதான். கூரியரில் நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கன எடைக்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி, பொதுவாக 5,000ஆல் வகுக்க வேண்டும். உங்கள் பெட்டி 12,000 வகுத்தல் 5,000, அதாவது 2.4 கிலோ. அரைக் கிலோ படியாகக் கணக்கிடுவதால் 2.5க்குப் பில் வரும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடை சுமார் 910 கிராம்தான். பாட்டிலும் அட்டையும் சேர்ந்தாலும் ஒன்றேகால் கிலோவுக்குள் முடிந்துவிடும். 32, 13, 13 அளவில் பெட்டி அடியுங்கள், கன எடை 1.08 கிலோ. 1.5 கிலோ படியில் போய்விடும். கிலோ கணக்கில் காற்றை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

குமாஸ்தா

டெலிவரிச் செலவை முன்பே காட்ட வேண்டும், விலையோடு சேர்த்தே சொன்னாலும் நல்லது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூகுளில் வருகிறவர்களும் இதே 140 ரூபாயைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்? அவர்கள் மட்டும் எப்படி மூன்று சதவீதம்?

மதுரைக்காரி

நல்ல கேள்வி சார். பெயரைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே உங்கள் எண்ணெயைச் சாப்பிட்டவர், 140ஐப் பொறுத்துக்கொள்வார். முறுக்கு பார்க்க வந்தவர் பொறுக்க மாட்டார். இன்னொன்று, நம் வீடுகளில் எண்ணெய் எப்போது வாங்குவோம்? ஒன்றாம் தேதி மளிகை லிஸ்டோடு. பதினைந்தாம் தேதி வீடியோ பார்த்தவர், பெயரை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் குரோமில் தேடி வாங்குவார். இன்ஸ்டாவுக்குள் விழுந்த குக்கி குரோமுக்குத் தெரியாது. ஐபோன் சஃபாரியில் ஸ்கிரிப்ட் போடும் குக்கி ஏழு நாளுக்கு மேல் தங்காது, நீங்கள் 30 என்று எழுதினாலும். ஆக, அந்த மூன்று சதவீதத்துக்குள்ளும் அக்காவின் ஆட்கள் ஒளிந்திருக்கலாம்.

அண்ணா, கடைசியாக ஒன்று. சைட்டில் பச்சை வாட்ஸ்அப் பொத்தான் வைத்திருக்கிறீர்களா?

செக்காளி_காங்கேயம்

ஆமாம். பாதி வியாபாரம் அதில்தான்.

மதுரைக்காரி

அதில் வரும் ஆர்டருக்கு அக்காவுக்குக் கமிஷன்?

செக்காளி_காங்கேயம்

…இல்லை. யார் லிங்கில் வந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

மதுரைக்காரி

தெரியாது என்றால் தெரியும்படி செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தும்போதே ‘கடலை எண்ணெய் வேண்டும், கோடு இன்னது’ என்று செய்தி தானாக விழும்படி வைக்கலாம், வாட்ஸ்அப் லிங்கிலேயே அந்த வசதி உண்டு. நாங்கள் ‘இது கமிஷன் லிங்க்’ என்று வாய்விட்டுச் சொல்லித்தான் போடுகிறோம். 2021 ஜூனிலிருந்து இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் (ASCI) விதியும் அதுதான். சொல்லிவிட்டு ஆளை அனுப்பினால், கடைக்காரர் பின்வாசல் வழியாக விற்றுவிட்டு ‘உங்கள் ஆட்கள் வாங்குவதில்லை’ என்கிறார். எரிச்சல் வராதா?

குமாஸ்தா

இது எனக்குத் தோன்றவில்லை. சமையல் சேனல் பற்றிச் சொன்னதை நிறுத்தி வைக்கிறேன், திரும்பப் பெறவில்லை. இரண்டு மாதம் கோடு வைத்து எண்ணிவிட்டுப் பேசுவோம்.

செக்காளி_காங்கேயம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அக்காவின் லிங்க் இப்போது நேராகக் கடலை எண்ணெய்ப் பக்கத்துக்குப் போகிறது. டெலிவரிக் கட்டணம் விலைக்குக் கீழேயே இருக்கிறது. புதுப் பெட்டி வந்ததில் 85 ரூபாயாக இறங்கியது. வாட்ஸ்அப்பில் அக்காவின் கோடோடு இதுவரை 11 பேர். சைட்டில் 6. பழைய வாட்ஸ்அப் ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தேன், சிலர் முறுக்கு வீடியோ என்றார்கள். எத்தனை என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அக்காவிடம் பேசி ஒரு தொகை அனுப்பினேன். யூபிஐ சிக்கல் இன்னும் தீரவில்லை, பையன் பார்க்கிறேன் என்கிறான். டெலிகிராமை விட்டுவிட்டேன்.

கூப்பன் பெட்டியை எடுத்து 18 நாள் ஆகிறது. மொத்த ஆர்டர் குறையவில்லை. நேற்று கூப்பன் சைட்டிலிருந்து செய்தி: ‘சார், உங்கள் சைட்டில் ஏதோ கோளாறு போல, கோடு போடும் இடத்தைக் காணோம்.’ என்ன பதில் போடுவது?

குமாஸ்தா

ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று இருக்கிறதோ, அதைக் கொடுங்கள்.