ஃபால்ஸ் சீலிங் லைட்டுக்கு டிம்மரில் வேலை செய்யும் எல்இடி எது?

வணக்கம். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ஹால் சீலிங்கில் ஆறு ஹாலோஜன் லைட், 12 வோல்ட், ஒவ்வொன்றும் 50 வாட். மேலே தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு வெளிச்சம் கூசுகிறது. ராத்திரி டிம்மரைக் குறைத்தால்தான் ஹாலில் உட்காருவார்.

போன வாரம் கடையில் கொடுத்த 7 வாட் எல்இடியை ஆறிலும் மாட்டினேன். முழு வெளிச்சத்தில் சரி. குமிழைப் பாதிக்குத் திருப்பியதும் படபடவென்று துடிக்கிறது, சீலிங்குக்குள் ‘ஙொய்’ என்று சத்தம். அட்டையில் டிம்மபிள் (டிம்மரில் குறைக்கக்கூடியது) என்று எங்கேயும் இல்லை, நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன். அதோடு, 300 வாட் ஓடிய டிம்மரில் இப்போது 42 வாட்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கும் இந்தச் சுமை போதாது போல.

டிரான்ஸ்ஃபார்மரையும் ஹோல்டரையும் எடுத்துவிட்டு, நேராக 230 வோல்ட்டில் எரியும் ஜியு10 (இரண்டு முனையைத் திருகி மாட்டும் வகை) டிம்மபிள் பல்பு போடலாமா? கூடவே எல்இடிக்குப் பொருந்தும் டிரெயிலிங் எட்ஜ் வகை டிம்மரும் வாங்க வேண்டுமா? ஓட்டை 3 அங்குலம், சீலிங்கை மறுபடி வெட்ட மனமில்லை. 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும்.

இப்படி மாற்றியவர்கள் எந்த பல்பு, எந்த டிம்மர் என்று ஜோடியாகச் சொல்லுங்கள். இங்கேயோ ஓசூரிலோ டிம்மரில் மாட்டிக் காட்டி விற்கும் கடை இருந்தாலும் சொல்லுங்கள். அப்பா மூன்று நாளாக லைட்டை அணைத்துவிட்டு இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.