உலகம்மாள் இல்லம்: பாப்பாவுக்குப் பெயர்

அனு (பெர்த்): பாப்பாவும் நானும் நலம். ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம். கார்த்திகை மூன்றாம் பாதம், ‘உ’வில் ஆரம்பிக்க வேண்டும். சனிக்குள் சொல்லுங்கள்.

சரசு அத்தை: உலகம்மாள்.

சரசு அத்தை: இதில் யோசிக்க என்ன இருக்கு?

கார்த்தி: அங்கே அட்டெண்டன்ஸ் எடுக்கிற டீச்சர் பாவம் அத்தை

சரசு அத்தை: எங்க அம்மா பெயர் உனக்குப் பாவமாகப் போச்சா

கணேசன் மாமா: தென்காசி வீட்டுப் பட்டா நகல் யாரிடம் இருக்கிறது?

அனு (பெர்த்): இங்கே என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பாலைவனப் பக்கத்துப் பூர்வகுடிப் பெண். பாப்பா நட்சத்திரம் எது என்று படத்தில் காட்டினேன். “எங்கள் ஏழு அக்கா தங்கைகள்” என்று சொல்லிப் பாப்பா தலையைத் தடவிக் கொடுத்தார். பெரியப்பா, அது என்ன கதை?

கார்த்தி: போச்சு

பெரியப்பா: நல்ல கேள்வி அம்மா. ஆஸ்திரேலியாவின் பெரிய கதைகளில் அது ஒன்று. வாட்டி நியிரு என்று ஒருவன் ஏழு சகோதரிகளைத் துரத்துகிறான். அவர்களுக்கு அவன் முறை ஆகாதவன். நாம் முறை பார்ப்பது போல அவர்களும் கறாராகப் பார்ப்பார்கள். பாம்பாக மாறி வழியில் கிடக்கிறான், வேறு வேறு வேஷம் போடுகிறான். அவர்கள் ஓடிய இடமெல்லாம் பாறையும் நீர்ச்சுனையும். அந்தக் கதையைப் பாட்டாகத் தெரிந்தவர்களுக்குப் பாலைவனத்தில் தண்ணீர் எங்கே என்று தெரியும். கடைசியில் ஏழு பேரும் வானத்துக்கு ஏறிவிட்டார்கள். அவனும் பின்னாலேயே ஏறினான். நம் திருவாதிரை இருக்கிற ஓரியன் நட்சத்திரக் கூட்டம்தான் அவன். கார்த்திகை உதித்தபிறகுதான் அது உதிக்கும். இன்றைக்கும் எட்டிப் பிடிக்கவில்லை. 2017இல் கான்பெரா தேசிய அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள்.

செல்வி சித்தி: 👏👏

கணேசன் மாமா: பட்டா?

மகேஷ் (டென்வர்): பெரியப்பா, இங்கேயும் அதே கதை இருக்கு. வயோமிங்கில் டெவில்ஸ் டவர் என்று தனியாக நிற்கிற பாறை. கயோவா என்கிற பூர்வகுடி மக்கள் சொல்வது, ஏழு பெண் குழந்தைகளைக் கரடி துரத்தியதாம். அவர்கள் ஏறி நின்ற சின்னப் பாறை வேண்டிக்கொண்டதும் மேலே மேலே வளர்ந்ததாம். குழந்தைகள் நட்சத்திரமாகிவிட்டார்கள். நாங்கள் போனபோது கிட்டே நின்று பார்த்தேன். அடி முதல் நுனி வரை நெடுக்குக் கோடு, நகத்தால் பிறாண்டிய மாதிரியே.

மகேஷ் (டென்வர்): [படம்]

சரசு அத்தை: ஸ்வெட்டர் போடாமல் நிற்கிறாயே

பெரியப்பா: கிரேக்கர்களும் ஏழு சகோதரிகள் என்கிறார்கள். துரத்துகிறவன் அங்கேயும் ஓரியன். கண்ணுக்குச் சாதாரணமாக ஆறுதான் தெரியும். மெரோப்பி என்ற ஏழாவது பெண் மட்டும் சாதாரண மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அந்த வெட்கத்தில் மங்கிவிட்டாள் என்று காரணம் சொல்வார்கள்.

சரசு அத்தை: இப்போது யாரைச் சொல்கிறீர்கள் அண்ணா?

பெரியப்பா: கதையைச் சொல்கிறேன் சரசு.

சரசு அத்தை: புரியாமல் இல்லை

செல்வி சித்தி: நம் கதையில் ஆறு பேர்தானே? சரவணப் பொய்கையில் முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள்.

பெரியப்பா: ஆமாம், கந்த புராணத்தில் ஆறு. யஜுர் வேதத்துத் தைத்திரீய சம்ஹிதையில் ஏழு பெயர் இருக்கிறது. அதில் மேகயந்தி, வர்ஷயந்தி என்று மேகமும் மழையும் வருகின்றன. ஆனால் எனக்கு மறக்காதது மகாபாரதம் வன பர்வத்தில் வருவது. சப்தரிஷிகளில் ஆறு பேருடைய மனைவிமார் இவர்கள். அக்கினிமேல் ஆசைப்பட்ட சுவாகா என்பவள் அந்த ஆறு பேர் உருவத்தை எடுத்துக்கொண்டு அக்கினியிடம் போனாள். அருந்ததி உருவம் மட்டும் அவளுக்கு வரவில்லை. ரிஷிகள் ஆறு பேரையும் தள்ளி வைத்தார்கள். அவர்கள் முருகனிடம் வந்து நின்றார்கள், நீங்கள் எனக்குத் தாய் என்றான், வானத்தில் இடம் கிடைத்தது. கல்யாணத்தில் அருந்ததியைக் காட்டுகிறோம். செய்யாத தப்புக்கு வீட்டை விட்டுப் போன ஆறு பேரை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அது ரொம்ப நாளாக வருத்தம்.

கார்த்தி: பெரியப்பா 🙏

செல்வி சித்தி: அண்ணா, நானே கேட்கிறேன். வடிவு அக்காவைக் குழுவில் சேர்த்தால் என்ன?

கணேசன் மாமா: முதலில் பட்டா முடியட்டும். அவள் கையெழுத்து வேண்டியிருக்கும்.

செல்வி சித்தி: கையெழுத்துக்கு மட்டும் வேண்டுமா அத்தான்?

சரசு அத்தை: இருபது வருஷமாக அவள் எனக்குப் போன் பண்ணவில்லை

பெரியப்பா: நாமும் பண்ணவில்லை சரசு.

அனு (பெர்த்): வடிவு அத்தைக்கு நான் பாப்பா போட்டோ அனுப்பினேன். அன்றைக்கே.

கார்த்தி: 😮

சரசு அத்தை: என்ன சொன்னாள்?

அனு (பெர்த்): பாப்பாவுக்கு அம்மா மூக்கு என்றார்கள்.

சரசு அத்தை: மூக்கு அம்மா மூக்குதான்

செல்வி சித்தி: பெயருக்கு வாருங்கள். உமையாள் எப்படி? பொய்கையில் ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைத்து ஒரே முருகனாக்கியது உமையம்மைதானே.

அனு (பெர்த்): எனக்குப் பிடித்திருக்கு சித்தி. அவரிடமும் கேட்கிறேன்.

சரசு அத்தை: கூப்பிட உமையாள் இருக்கட்டும். சர்டிபிகேட்டில் உலகம்மாள்.

கார்த்தி: அத்தை!!

மகேஷ் (டென்வர்): நியூசிலாந்தில் இதே நட்சத்திரக் கூட்டத்துக்கு 2022இலிருந்து அரசு விடுமுறையே விடுகிறார்கள். மட்டாரிகி. அந்தந்த வருஷம் இறந்தவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

சரசு அத்தை: அப்போ அப்பா பெயரையும் ஞாயிற்றுக்கிழமை சொல்லணும். போன தை மாசம்தானே போனார்.

பெரியப்பா: சொல்வோம். அனு, இருட்டியதும் பாப்பாவை வாசலுக்குத் தூக்கி வா. அங்கே கார்த்திகை வடக்குப் பக்கம் தெரியும். இங்கே நான்கு நாளாக மழை மூடிக் கிடக்கிறது.

அனு (பெர்த்): சரி பெரியப்பா. வீடியோ கால் உங்களுக்குக் காலை 10, எங்களுக்கு 12.30. வடிவு அத்தைக்கும் லிங்க் அனுப்பட்டுமா?

செல்வி சித்தி: அனுப்பு

பெரியப்பா: அனுப்பும்மா.

கணேசன் மாமா: 10 முதல் 12 வரை ராகுகாலமா பாருங்கள்

கார்த்தி: ஞாயிறு சாயங்காலம்தான் மாமா ராகுகாலம்

அனு (பெர்த்): சரசு அத்தை?

சரசு அத்தை: அடுப்பில் பால் இருக்கு. வருகிறேன்.